கேட்டவர் பதில் சொல்ல வேண்டும்



ஓசூர்த் தொழிற்பேட்டையிலே பணிபுரியும் இளைஞர் ஒருவர் நமது பங்கில் இருக்கிறார். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்று, ஆலை ஒன்றில் தரம் பார்ப்பவராகச் சேர்ந்தவர். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், "தம்பி, ஆலையில் உனக்கு என்ன வேலை?" என்று அவரைக் கேட்டோம்.

"அளந்து பார்ப்பதுதான் வேலை, ஃபாதர். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால், அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் எழுதி வைக்க வேண்டும். நான் 'ஆகாது' என்று எழுதிவிட்டால் மேலாளரே இறங்கி வந்து பார்ப்பார்" என்றார். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "ஆனால் ஊரில் நான் எதைச் சொன்னாலும், 'சின்னப் பையன், சும்மா இரு' என்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்தார், நம்மால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில் அந்தச் சொல் நமது பழைய குற்றம் ஒன்றைத் தட்டி எழுப்பிவிட்டது. அதனை இம்மாதம் வாசகர்களிடம் சொல்லிவிடுவதே நலமெனக் கருதுகிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வைகறையைக் கண்டவர்க்கு நாம் சொல்வது விளங்கும். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி என்று நாற்புறத்து ஊர்களிலிருந்தும் சீருடை அணிந்த இளைஞரும் இளம்பெண்களும் விடியுமுன்னே புறப்படுகிறார்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இந்த ஓட்டம் ஓயவில்லை. சிலர் எல்லையைக் கடந்து பெங்களூருக்கே செல்கின்றனர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ தமிழோ பேசும் இவர்கள் அனைவருக்கும் ஆலைக்குள் ஒரு பொதுமொழி உண்டு. அளவு என்பதே அம்மொழி. அங்கே இவர்களுடைய கண்ணை நம்பி இயந்திரங்கள் ஓடுகின்றன. ஊருக்குத் திரும்பினாலோ, குடிநீர்க் குழாயைப் பற்றியும், ரேஷன் கடையைப் பற்றியும், துணைச் சுகாதார நிலையத்தைப் பற்றியும் இவர்கள் வாய் திறத்தல் ஆகாது! இது என்ன நியாயம்?

கயிறும் அதை இழுப்பவரும்

ஓசூரிலுள்ள டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் டெமிங் பரிசைப் பெற்றது. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் அவர்களின் பெயரால் ஜப்பான் நாட்டினர் 1951ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பரிசு அது. பொருளின் தரத்தை மேலதிகாரி ஒருவரே காத்துவிட முடியாது, பொருளைக் கையால் தொடுகின்ற ஒவ்வொருவரும் காக்க வேண்டும் என்பதே அந்த நெறியின் உயிர்க்கொள்கை.

இதற்கொரு நல்ல சான்றை ஜப்பானின் டொயோட்டா ஆலைகள் தந்தன. வேலை நடைபெறும் வரிசையின் மேலே நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். குறை ஒன்றைக் கண்ட தொழிலாளி, அவர் நேற்றுச் சேர்ந்தவராயினும், அக்கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும். பொறுப்பாளர் அங்கே விரைந்து வருவார். குறையை அப்போதே தீர்க்க இயலாவிடில் வரிசை நின்றுவிடும்.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கயிற்றின் வலிமை கயிற்றில் இல்லை. இழுத்தவுடன் வருகின்ற மனிதரிடம் இருக்கிறது. நான்கு முறை இழுத்தும் எவரும் வராவிட்டால், ஐந்தாம் முறை எந்தத் தொழிலாளியும் கையை உயர்த்த மாட்டார். அதன்பின் அக்கயிறு துணி உலர்த்தத்தான் பயன்படும். இளைஞரைக் கொண்டு ஊர்ப் பணிகளை மதிப்பிடுவதும் இத்தகையதே. "வாருங்கள், பாருங்கள், சொல்லுங்கள்" என்று அழைப்பது எளிது. அவர்கள் சொன்ன பின்னர் பதில் சொல்வதே அரிது. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாதிருப்பதைவிடக் கேளாதிருப்பதே மேல் என்று நாம் பட்டறிந்தோம். எவ்வாறு என்பதைக் கூறுகிறோம்.

அலமாரியில் இருந்த நோட்டு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இம்மாவட்டத்தின் வேறொரு பங்கில் பணியாற்றி வந்தோம். அங்கே இளையோர் பன்னிருவர் இருந்தனர். அவர்களுள் ஐவர் பெண்கள். திருவிழாத் தோரணம் கட்டுவதோடு அவர்கள் பணி முடிந்துவிடலாகாது என்று எண்ணி, ஒரு பொறுப்பைக் கொடுத்தோம். நம் ஊர் மக்களுக்குக் கிடைக்கும் நான்கு பணிகளை, அதாவது துணைச் சுகாதார நிலையம், ரேஷன் கடை, காலைப் பேருந்து, குடிநீர் ஆகியவற்றை ஒரு மாதம் கவனித்து, நாளும் நேரமும் குறித்து எழுதிவர வேண்டும் என்றோம். மறையுரையிலே அவர்களைப் புகழ்ந்தும் பேசினோம்.

மாத முடிவில் 80 பக்க நோட்டு ஒன்று நம் மேசைக்கு வந்தது. அழகான கையெழுத்து. எந்த நாளில் சுகாதார நிலையம் பூட்டியிருந்தது, காலைப் பேருந்து எத்தனை நாள் வரவில்லை, ரேஷன் கடையில் பாமாயில் எப்போது தீர்ந்தது என்றெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். பெருமிதத்தோடு புரட்டிக்கொண்டே வந்த நாம் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டோம்.

"கோவில் வளாக ஆழ்துளைக் கிணறு" என்பது அப்பக்கத்தின் தலைப்பு. ஊராட்சியில் நீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவரிடம் இரு பெண்கள் அம்முறையைக் கற்று, மூன்று ஞாயிறுகளில் மூன்று முறை அந்நீரைச் சோதித்திருந்தனர். மூன்று முறையும் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதாகக் குழாயின் நிறம் காட்டியது. "மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் இதைத்தான் குடிக்கிறார்கள். என்ன செய்யலாம், ஃபாதர்?" என்று கேள்வியோடு பக்கம் முடிந்திருந்தது.

நாம் என்ன செய்தோம்? நோட்டை அலமாரியில் வைத்தோம்.

காரணங்கள் இல்லாமற் போகவில்லை. அக்கிணறு ஒரு குடும்பத்தார் தம் தந்தையின் நினைவாக வெட்டித் தந்தது. அவருடைய பெயர் பொறித்த கல் அங்கே நிற்கிறது. அவர்கள் மனம் நோகலாகாது என்று எண்ணினோம். திருவிழா நெருங்கிக் கொண்டிருந்தது. சிறுபெண்கள் கண்ணாடிக் குழாயில் பார்த்த நிறத்தை நம்பி ஊரைக் கலக்குவதா என்றும் எண்ணினோம். இவையெல்லாம் வெளிக் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. பிறரை அளந்து வருமாறு அனுப்பினோம். அவர்கள் நம்மையும் அளந்துவிட்டார்கள். அது நமக்குப் பிடிக்கவில்லை.

இளைஞர் இரண்டு முறை வந்து கேட்டனர். "பார்ப்போம்" என்றோம். மூன்றாம் முறை அவர்கள் வரவில்லை. அடுத்த கூட்டத்திற்கு எண்மர், அதற்கடுத்ததற்கு மூவர். இக்கால இளைஞருக்கு ஆர்வமே இல்லை என்று பங்குப் பேரவையில் நாமே அங்கலாய்த்ததையும் இங்கே மறையாமற் சொல்கிறோம்.

எட்டு மாதங்கள் சென்றன. புதுநன்மை வாங்கிய பிள்ளைகளைக் கோவில் வாயிலில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எவ்வளவு சொல்லியும் உதட்டைத் திறக்கவில்லை. "பல்லைக் காட்ட வெட்கப்படுகிறாள், சாமி" என்றார் அவளுடைய தாய். அவள் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. அக்கறை நமது எட்டு மாதங்களால் வந்ததன்று. பல ஆண்டு நீரின் வேலை அது. ஆயினும் தாயும் மகளும் நம்மோடு பேசிக்கொண்டிருந்த அதே வேளையில், அவளுடைய நான்கு வயதுத் தம்பி கோவில் குழாயடியில் இரு கைகளையும் ஏந்தி வயிறாரக் குடித்துக் கொண்டிருந்தான்.

அன்றிரவு அலமாரியைத் திறந்தோம்.

பல்லில் எழுதப்படும் கணக்கு

ஃபுளோரைடு என்பது பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருகின்ற உப்பு வகை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைநிலத்தில் கிணறு ஆழமாக ஆழமாக இத்தொல்லை பல இடங்களில் மிகுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் காய்ச்சினாலும் அது போகாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீரில்லாதவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான ஃபுளோரைடைக் குடித்த பிள்ளைக்குப் பல் கறையோடு முளைக்கிறது. பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுமையில் குனிய முடியாமற் போகிறது.

இத்துன்பத்தை நீக்கவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் மலையேறி இரு மாவட்டங்களுக்கும் வருகிறது. மிகப் பெரிய பணி. நன்றியோடு நினைக்கத்தக்க பணி. ஆயினும் பெருங்குழாய் ஊர் எல்லை வரை வந்தால் போதுமா? நம் வீட்டுக் குழாயில் வருவது ஆற்று நீரா, ஆழ்துளை நீரா, மேல்நிலைத் தொட்டியில் இரண்டும் கலந்ததா என்பதைத் தலைநகரில் இருப்பவர் அறியார். கலப்பு மாறினால் அளவும் மாறும். ஆகவே ஒருநாள் சோதனை போதாது. ஊரிலேயே இருந்து, மாதந்தோறும் பார்த்து, எழுதி வைப்பவர் வேண்டும். அப்பணிக்கு இளைஞரைவிடத் தகுந்தவர் யார்? பெரியவர்கள் செய்த குறையைப் பற்களில் சுமப்பவர்கள் அவர்களும் அவர்களுடைய தம்பி தங்கையரும் அன்றோ?

நமது கதைக்குத் திரும்புவோம். நீரை மாவட்ட ஆய்வகத்திற்கு அனுப்பினோம். 2.1 மில்லிகிராம் என்று எழுத்தில் வந்தது. சிறுபெண்களின் கண்ணாடிக் குழாய் பொய் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, மறையுரைக்குப் பதிலாக அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்தோம். எட்டு மாதம் அதை மறைத்து வைத்தவர் நாமே என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கிணற்றைத் தந்தவரின் மகன் எழுந்தார். நாம் அஞ்சினோம். அவரோ, "பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்றுதான் அப்பா கொடுத்தார், சாமி. கல்லுக்காகக் கொடுக்கவில்லை" என்றார். ஒகேனக்கல் நீர் வரும் குழாயைக் கோவில் வரை நீட்டும் செலவை அவரே ஏற்றார். பழைய கிணறு தோட்டத்திற்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது.

பன்னிரு இளைஞருள் ஐவர் திரும்பி வந்தனர். எழுவர் வரவில்லை. நீரைச் சோதித்த இரு பெண்களுள் ஒருத்தி பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குக் கடிதம் எழுதினோம். இன்று வரை பதில் இல்லை. பதில் சொல்லாதிருந்தவர் நாமாதலால், அதைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை.

மற்ற பக்கங்கள் என்னவாயின?

திரும்பி வந்த ஐவரும் நோட்டின் மற்றப் பக்கங்களையும் உரியவரிடம் எடுத்துச் சென்றனர். அங்கே அவர்களும் ஒரு பாடம் கற்றனர்.

துணைச் சுகாதார நிலையம் பலநாள் பூட்டியிருந்தது உண்மை. ஆனால் சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது அரசு விதி. கிராம சுகாதார செவிலியர் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் உறங்கவில்லை. வேறு குக்கிராமத்தில் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாததே மக்களின் குறை. கதவில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, "இன்று இன்ன ஊரில்; மாலை இத்தனை மணிக்கு இங்கே" என்று எழுதலாமே என்று இளைஞர் கூறினர். அவரும் மகிழ்ந்து ஏற்றார். செலவு ஒரு சிலேட்டும் சுண்ணாம்புக் கட்டியும்.

ரேஷன் கடைக்காரர் முதலில் சினந்தார். பின்னர், இரண்டு கடைகளை அவர் ஒருவரே நடத்துவது தெரிய வந்தது. கடை திறக்கும் நாட்களைத் தேநீர்க் கடையிலும் கோவில் வாயிலிலும் எழுதி ஒட்டினார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது குறைந்தது.

பேருந்துதான் தீராத கதை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று பணிமனையில் கூறினர். சில மாதங்களுக்குப் பின் பேருந்து ஒழுங்காக வரத் தொடங்கியது. ஆனால் ஏழு மணி ஷிப்டுக்குச் செல்பவர்க்குப் பயன்படாத நேரத்தில் வந்தது! முயற்சிகள் எல்லாம் வெற்றி பெறும் என்று சொல்லி இளைஞரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆயினும் "முடியாது, இன்ன காரணத்தால்" என்ற பதிலும் ஒரு பதிலே. மௌனத்தைக்காட்டிலும் அது மதிப்புடையது.

எல்லைக்கு அப்பாலும் குமரிக் கரையிலும்

இவ்வழி நாம் கண்டுபிடித்ததன்று. பெல்ஜியம் நாட்டில் யோசேப்பு கார்டைன் என்ற குரு, 1925ஆம் ஆண்டில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். ஆலைகளில் உழைத்த இளைஞரிடம் அவர் மூன்று படிகளைத் தந்தார்: பார், சீர்தூக்கு, செயல்படு. தம் வாழ்வின் நிலையைத் தாமே கண்டு, தாமே ஆராய்ந்து, தாமே மாற்ற இளைஞரால் இயலும் என்று அவர் நம்பினார். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தமது சமூகச் சுற்றுமடலில் இம்முறையைப் பாராட்டி எழுதினார். குருமடத்தில் இதை நாமும் படித்தோம், தேர்விலும் எழுதினோம். அலமாரியின் முன்னேதான் அது மறந்துவிட்டது!

நமது எல்லைக்கு அப்பால் பெங்களூரில், அறிஞர் சாமுவேல் பால் தலைமையில் ஒரு முயற்சி நடைபெற்றது. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியல் தருவதுபோல, குடிமக்கள் அரசுத் துறைகளுக்கு மதிப்பெண் தந்தால் என்ன? வீடு வீடாகச் சென்று கேட்டு, 1994இல் முதற் பட்டியல் வெளியிடப்பட்டது. நகர வளர்ச்சிக் குழுமத்தின் பணியில் நிறைவடைந்தோர் 100க்கு ஒருவரே என்று அது காட்டியது. நாளேடுகள் அதைப் பரப்பின, அதிகாரிகள் திகைத்தனர். ஆனால் ஒரு பட்டியலோடு எவரும் நின்றுவிடவில்லை. 1999இல் மீண்டும் கேட்டனர். 2003இல் மூன்றாம் முறையும் கேட்டனர். இடையிலே துறைத் தலைவர்கள் மக்கள் முன் வந்து பதில் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. மூன்றாம் பட்டியலில் நிறைவடைந்தோர் தொகை பெரிதும் உயர்ந்திருந்தது. பத்தாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பலன் அது.

நம் தமிழகத்திலேயே, குமரி மாவட்டத்தின் அருட்பணி. எட்வின் ஜான் அவர்களின் முயற்சியால் அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றங்கள் வளர்ந்தன. ஏறத்தாழ 30 வீடுகளின் பிள்ளைகள் ஒன்றுகூடி, தமக்குள் நலவாழ்வுக்கு ஒருவர், கல்விக்கு ஒருவர், சுற்றுச்சூழலுக்கு ஒருவர் என்று அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பர். தெருவிளக்கு எரியாதது, சாக்கடை தேங்குவது, பள்ளிக்குச் செல்லாத தோழன் ஆகியவை அவர்களுடைய மன்றத்தில் பேசப்படும். சிறு வட்டமாதலால் வாயில்லாப் பிள்ளைக்கும் பேச இடம் கிடைக்கிறது. 2009ஆம் ஆண்டில் யுனிசெஃப் விருது ஒன்று இவர்களைத் தேடி வந்தது. சிறுவரால் என்ன முடியும் என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

இதைப் படிக்கும் பங்குகளில் இளைஞர் எவரேனும் தொடங்க விரும்பினால், நம் தவறுகளிலிருந்து சில சொற்களை எடுத்துக் கொள்ளலாம்.

ஒரு பணியை மட்டும் எடுங்கள். நான்கை ஒருசேர எடுக்காதீர்கள். பணியை அளங்கள், பணியாளரைத் தூற்றாதீர்கள். "செவிலியர் மோசம்" என்பது வசை. "இந்த மாதம் இத்தனை நாட்கள் நிலையம் பூட்டியிருந்தது" என்பது அளவு. வசைக்கு மறுவசை வரும். அளவுக்குப் பதில்தான் வர வேண்டும். எழுதியதை வெளியிடுமுன் பணியாளரிடமே காட்டி, அவர் கூறுவதையும் அதன் அருகில் எழுதுங்கள்.

பேசாதவரைத் தேடிச் செல்லுங்கள். வட மாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் வாழும் தொழிலாளர் குடும்பங்களும் நம் ஊர்க் குழாயில்தான் நீர் பிடிக்கின்றன. தெலுங்கு பேசும் பாட்டியிடம் தெலுங்கில் கேளுங்கள். மாலைப் பேருந்தில் என்ன நடக்கிறது என்பதை ஆண்கள் எழுத முடியாது, பெண்களே எழுதட்டும்.

நீர்ச் சோதனை செய்வோர் அஞ்ச வேண்டுவதில்லை. கைச்சோதனைப் பெட்டியில், மருந்து கலந்த நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் ஃபுளோரைடு குறைவு. மஞ்சளை நோக்கி மாற மாற அது மிகுதி. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இப்பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டது. உங்கள் ஊரில் பயின்றவர் யார் என்று விசாரியுங்கள். ஐயம் எழுந்தால் ஆய்வகத்தின் எழுத்தைப் பெறுங்கள்.

பின்னர் அதை எங்கே கொண்டு செல்வது? வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வயது நிரம்பி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் அதற்கெனக் குறிக்கப்பட்டுள்ளன. 2019இல் மாநகராட்சியான ஓசூரில் வாழ்வோர்க்கு, 2022 முதல் தமிழக நகரங்களில் வந்துள்ள பகுதி சபா இருக்கிறது. அங்கும் விடை கிட்டாவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி வினவ முடியாது. 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். இந்தியாவிலேயே இத்தகைய சட்டத்தை முதன்முதலாக, 1997இலேயே, இயற்றியது தமிழ்நாடு என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாகப் பெற்றோர்க்கும், பள்ளித் தலைவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், உடன் குருக்களுக்கும் ஒரு சொல். சிறுவன் சாமுவேல் ஆலயத்தில் உறங்கிய கதையை நாமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆண்டவர் அழைத்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குரியது. அச்சிறுவன் பெற்ற செய்தி, முதிய குருவாகிய ஏலியின் குடும்பத்தைப் பற்றிய கடுமையான செய்தி. சொல்ல அவன் அஞ்சினான். ஏலி அவனை அழைத்து, ஒன்றையும் மறைக்கலாகாது என்று வற்புறுத்திக் கேட்டார். கேட்டபின் சிறுவன்மீது சினங்கொள்ளவில்லை. குறைகள் பல உள்ள அம்முதியவரிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுவே.

ஆகவே இளைஞரிடம் நோட்டைக் கொடுக்குமுன், மூன்று உறுதிகளை அவர்களுக்கு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். நம்மைப் பற்றியும் எழுதலாம் என்பது ஒன்று. எழுதியதை எல்லார் முன்னும் வாசிப்போம் என்பது இரண்டு. இன்ன நாளுக்குள் ஆம் என்றோ, இல்லை என்றோ, ஏன் இல்லை என்றோ பதில் சொல்வோம் என்பது மூன்று. இம்மூன்றையும் தர மனமில்லையாயின், தோரணம் கட்டும் வேலையையே அவர்களுக்குக் கொடுங்கள். அதிலாவது ஏமாற்றம் இல்லை.

அந்த நோட்டு இன்றும் நம்மிடம் இருக்கிறது. பங்கு மாறி வந்தபோது அதையும் எடுத்து வந்தோம். இப்போது அது அலமாரியில் இல்லை, மேசைமேல் இருக்கிறது. ஆலையில் அளவு பார்க்கும் இளைஞரை அடுத்த ஞாயிறு மாலை வரச் சொல்லியிருக்கிறோம். புதிய நோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது என்று அவர் கேட்டால், முதற் பக்கத்தை எங்கள் பங்கு அலுவலகத்திற்கே ஒதுக்குமாறு சொல்வதாக இருக்கிறோம்.